ஒரே பக்கம் தவறும் தட்டு

மார்ச் 2

டிஸ்க் கோல்ஃபில் புதுத் தட்டு வாங்கியவர் முதல் வேலையாகத் திறந்த வெளிக்குப் போய் அதை நாலைந்து முறை முழு வீச்சில் எறிந்து பார்ப்பார். அவற்றில் ஒன்று நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்விட்டால் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடும். மற்ற எறிகள் கணக்கில் வரமாட்டா. ஒன்றில் கை வழுக்கியது, இன்னொன்றில் காற்று அடித்தது, மூன்றாவதில் கால் சரியாக ஊன்றவில்லை. நல்ல எறி என்றால் தட்டின் பெருமை, கெட்ட எறி என்றால் கையின் குற்றம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே நடப்பது அதன் மறுபக்கம், ஒரு முறை நன்றாக ஆடிவிட்டுக் கூடத்துக்கு மாலை போடுகிறோம். வேறு தட்டுகளுக்கு எப்படியோ, மிட்ரேஞ்ச் தட்டுக்கு இந்த வழக்கத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கட்சி. அதன் தரம் தெரிவது தவறிய எறிகளில்தான். எத்தனை தவறின என்பதைவிட, எந்தப் பக்கம் தவறின என்பது முக்கியம்.

மிட்ரேஞ்சை மட்டும் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. டிரைவர் தூரத்துக்கு, பட்டர் கூடையில் போட்டு முடிப்பதற்கு. இரண்டுக்கும் நடுவே அறுபது எழுபது மீட்டரில் நிற்கும் கூடைக்குப் பக்கத்தில் இறக்க வேண்டியது மிட்ரேஞ்ச். கூடையைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்குள்ளிருந்து எறிவதைத்தான் விதிப்புத்தகம் 'பட்' என்று பிரித்து வைத்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் மிட்ரேஞ்சின் கடமை முடிந்தது. கூடை 70 மீட்டரில் இருக்கும்போது தட்டு 85 மீட்டர் பறந்தால் அதில் மெச்சிக்கொள்ள எதுவும் இல்லை. மேலும், வேகமான டிரைவர்கள் தங்கள் குணத்தைக் காட்ட வலுத்த கை வேண்டும். சாதாரணக் கையில் அவை பாதிக் குணத்தோடுதான் பறக்கும். மிட்ரேஞ்ச் அந்தச் சாக்குக்கு இடம் வைப்பதில்லை.

மார்ச் 4

தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதே பாதிச் சோதனை. தடகளத்தில் ஆடவர் எறியும் வட்டுக்கு எடை 2 கிலோ, விட்டம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். மிட்ரேஞ்சின் விட்டமும் கிட்டத்தட்ட அதேதான், 21.7 சென்டிமீட்டர். எடை மட்டும் பதினொன்றில் ஒரு பங்கு. விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் என்பது இந்த ஆட்டத்தின் தொழில்முறைச் சங்கமான பி.டி.ஜி.ஏ. வைத்திருக்கும் உச்சவரம்பு, பெருக்கிப் பார்த்தால் 180 கிராம் வரும். (கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-இல் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்த எட் ஹெட்ரிக், அடுத்த ஆண்டே தொடங்கியது அந்தச் சங்கம்.) அதே அகலத்தில் இவ்வளவு லேசான பொருளை எறிந்தால், கை விட்ட பிறகு பாதிக்கு மேல் காற்றின் ஆட்சிதான். ஆகவே வடிவத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் பறப்பில் அது தெரியும்.

டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் வாஸ்ப், பஸ்ஸ்ஸ் என்ற இரண்டு மிட்ரேஞ்சுகளும் இதற்கு நல்ல சாட்சி. (ஆங்கிலத்திலும் மூன்று இசட்; வண்டின் ரீங்காரம், நம் ஊர்ப் பேருந்து இல்லை.) இரண்டையும் கவிழ்த்து விளிம்பின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினால் வித்தியாசம் பிடிபடும். வாஸ்பில் தடித்த நூலை ஒட்டவைத்தாற்போல் மெல்லிய வரம்பு ஒன்று ஓடுகிறது; ஆட்டக்காரர்கள் அதைப் 'பீட்' என்பார்கள். பஸ்ஸ்ஸில் அது கிடையாது, விரல் வழுக்கிக்கொண்டு போகும். மற்றபடி இரண்டும் உடன்பிறப்புகள். ஆனால் வேகம், மிதவை, திரும்பல், சாய்வு என்ற வரிசையில் தட்டுக்குத் தரப்படும் நான்கு எண்கள் வாஸ்புக்கு 5, 3, 0, 2. பஸ்ஸ்ஸுக்கு 5, 4, -1, 1. ஒரு நூல் கனத்துக்கு இவ்வளவு.

எண்களே இருக்கும்போது சோதனை எதற்கு என்று கேட்கலாம். அந்த எண்களை எந்தப் பொது ஆய்வகமும் அளந்து முத்திரை குத்தித் தரவில்லை. பி.டி.ஜி.ஏ. விட்டம், எடை, விளிம்பின் ஆழம், வளையும் தன்மை போன்றவற்றைத்தான் பார்த்து அனுமதிக்கிறது; எப்படிப் பறக்கும் என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. எண்கள் தயாரிப்பாளர் தன் சரக்கைப் பற்றித் தானே சொல்வது. அதற்காகப் பொய் என்று தள்ள வேண்டாம். ஜவுளிக்கடையில் சட்டைக்குப் போடும் அளவு எண் மாதிரி எடுத்துக்கொள்ளலாம். ஒரு கடையின் 40-ஐயும் இன்னொரு கடையின் 40-ஐயும் போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒரே அச்சில் வார்த்த தட்டுகள்கூட ஆறும்போது ஒன்று மேடாகவும் ஒன்று தட்டையாகவும் வந்துவிடுவதுண்டு.

மார்ச் 5

இனி, பக்கம் ஏன் முக்கியம் என்பது. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கமாகத் தள்ளினால் அது தள்ளிய திசையில் சாயாமல் குறுக்கே சாயும். தட்டும் அப்படித்தான். வலக்கைக்காரர் பேக்ஹேண்டாக எறிந்தால் தட்டு, மேலிருந்து பார்க்க, கடிகாரச் சுற்றாகச் சுழலும். வேகம் அதிகமாக இருக்கும் தொடக்கத்தில் காற்றின் தூக்குவிசை தட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னே விழுந்து மூக்கைக் கீழே அமுக்கப் பார்க்கும். சுழற்சி அதை வலப்பக்கச் சாய்வாக மாற்றிவிடும். வேகம் குறைந்து தட்டு இறங்கத் தொடங்கும்போது விசை நடுவுக்கு முன்னே நகர்ந்து மூக்கைத் தூக்கும். இப்போது சாய்வு இடப்பக்கம். மூன்றாவது எண்ணும் நான்காவது எண்ணும் இந்த இரண்டையும்தான் சொல்கின்றன. பஸ்ஸ்ஸில் வலமும் கொஞ்சம், இடமும் கொஞ்சம். ஒன்றையொன்று அடித்துவிட்டு நேராகப் போகிறது. இன்னோவா நிறுவனத்தின் பழைய ராக்குக்கு 4, 4, 0, 3. வலப்பக்கம் போகும் எண்ணமே அதற்கு இல்லை, கடைசியில் இடப்பக்கம் உறுதியாக இறங்கிவிடும்.

இப்போது கை பிசகுகிறது என்று வைத்துக்கொள்வோம். விடும்போது தட்டின் வலவிளிம்பு ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது. ராக் கொஞ்ச தூரம் வலப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வரும். பஸ்ஸ்ஸுக்குத் திரும்பும் தெம்பு குறைவு. வலப்பக்கமே போய் இறங்கிவிடும். இடவிளிம்பு தாழ்ந்தால் இரண்டுமே இடப்பக்கம்தான். ஆகவே சீரற்ற கையில் ராக் ஒரு பக்கம் தவறுகிறது, பஸ்ஸ்ஸ் இரண்டு பக்கமும் தவறுகிறது. நேராகப் பறக்கும் தட்டு என்ற புகழ் நேராக எறிபவருக்குத்தான் பொருந்தும். கை சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்யும் தட்டு, கை உளறினால் அந்த உளறலையும் அப்படியே செய்யும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆடுபவர்களிடையே பஸ்ஸ்ஸின் செல்வாக்கு பல ஆண்டுகளாகக் குறையாதது. அத்தனை பேரும் ஏமாந்தவர்களா? இல்லை. ஃபின்லாந்தின் ஊசியிலைக் காடுகளில் அமைந்த மைதானங்களை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். இருபுறமும் மரம், நடுவே நாலைந்து மீட்டர் சந்து. அங்கே வலப்பக்கம் விட்டு இடப்பக்கம் திரும்ப வைக்கலாம் என்ற கணக்கு முதல் மரத்திலேயே முடிந்துவிடும். சந்துக்குள் நேராகப் போகும் தட்டுதான் வேண்டும். அது சில நேரம் இரண்டு பக்கமும் தவறும் என்பதை விலையாகக் கொடுத்தே தீர வேண்டும். ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். திறந்த வெளியில் ஆடுபவருக்கு அது முழுதாகச் செல்லும். காட்டில் ஆடுபவர் தவறிய எறிகளின் பக்கத்தைக் குறித்துக்கொள்ளட்டும், தீர்ப்பை வேறு விதமாக எழுதட்டும்.

மார்ச் 8

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், தேர்ந்த ஆட்டக்காரர் மூன்று எறியில் தட்டின் குணத்தைச் சொல்லிவிடுவார் என்பார்கள். ஒரு சோறு போதும் என்பது ஏன்? பானையில் உள்ள அரிசி எல்லாம் ஒரே நீரில், ஒரே தீயில், ஒரே நேரம் வெந்தது. எறிகள் அப்படி இல்லை. தேர்ந்தவரின் கையில் ஒவ்வோர் எறியும் ஏறக்குறைய ஒரே வேக்காடு. அவருக்கு மூன்று போதும். நம் போன்றவர்களின் பானையில் பாதி குழைந்திருக்கும், பாதி அரிசியாகவே இருக்கும். கணக்கும் இதையே சொல்கிறது. பழைய தட்டும் புதிய தட்டும் துளி வித்தியாசமில்லாத சமம் என்றே வைத்துக்கொள்வோம். மாற்றி மாற்றி மூன்று ஜோடி எறிந்தால், மூன்றிலும் புதியதே கூடைக்கு அருகே விழ, குருட்டு அதிர்ஷ்டத்தால் மட்டும் எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்து ஜோடி எறிந்தால், எட்டிலோ அதற்கு மேலோ புதியது அதிர்ஷ்டத்தால் மட்டும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரையாகச் சுருங்குகிறது. பத்து ஜோடி என்பது அரை மணி நேர வேலை, அவ்வளவுதான்.

மாற்றி மாற்றி என்பதை விடக் கூடாது. பழையதைப் பத்து முறை எறிந்து முடித்துவிட்டுப் புதியதை எடுத்தால், அதற்குள் தோள் சூடேறியிருக்கும், காற்றும் திரும்பியிருக்கும். காற்றை லேசாக எண்ணுபவர்கள் ஒரு பெருக்கலைச் செய்து பார்க்கலாம். வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விட்ட தட்டுக்கு 5 மீட்டர் எதிர்க்காற்று வந்தால் தட்டு உணரும் வேகம் 25. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஒன்றரை மடங்குக்கு மேல். பின்காற்று அதே 5 மீட்டர் என்றால் உணரும் வேகம் 15, விசை பாதிக்குச் சற்று மேல். ஒரே மைதானத்தின் இரண்டு முனைகளுக்குள் ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம். எதிர்க்காற்றில் பஸ்ஸ்ஸ் வலப்பக்கம் புரளும். பின்காற்றில் அதே தட்டு சட்டென்று இடப்பக்கம் இறங்கும். பத்து ஜோடியில் ஐந்தை ஒரு முனையிலிருந்தும் ஐந்தை மறுமுனையிலிருந்தும் எறிய வேண்டும். எடையும் பிளாஸ்டிக்கும் கூடியவரை ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சோதிப்பது வடிவத்தை அல்ல, எட்டு கிராமை.

குறிப்பதற்கு மூன்று எழுத்து போதும்: வட்டத்துக்குள் விழுந்தால் உ, இடம் தவறினால் இ, வலம் தவறினால் வ. உதாரணத்துக்கு, ஒரு தட்டின் வரிசை 'உ இ இ உ இ உ இ இ உ இ' என்றும் இன்னொன்றின் வரிசை 'உ வ இ உ உ வ இ உ இ வ' என்றும் வந்தால், இரண்டும் நாலுக்கு நாலு. வட்டத்தை மட்டும் எண்ணுபவர் சமம் என்று மூட்டை கட்டிவிடுவார். முதல் வரிசைக்காரரோ நாளை கூடைக்கு ஐந்து மீட்டர் வலப்பக்கம் குறிவைத்தால் போதும், ஆறு 'இ'க்களில் சில வட்டத்துக்குள் வந்துவிடும். உள்ளே விழுந்த நாலும் பெரும்பாலும் வட்டத்தின் இடப்பாதியில்தான் விழுந்திருக்கும், ஆகவே அவையும் எளிதில் வெளியே போகமாட்டா. இரண்டாம் வரிசைக்காரர் எங்கே குறிவைப்பார்? ஒரு பக்கம் நகர்ந்தால் மறுபக்கம் இடிக்கும்.

மார்ச் 9

விளையாட்டை இப்படி ஆய்வகமாக்க வேண்டுமா, புதுத் தட்டின் குதூகலம் என்ன ஆவது என்ற கேள்வி நியாயமானதே. குதூகலம் இருக்கட்டும். ஆனால் புதுத் தட்டு வாங்கும் ஆசை எப்போது வருகிறது என்று பார்த்தால், பழையது நாலு முறை தொடர்ந்து கழுத்தறுத்த பிறகுதான். மிக மோசமான ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டம், எதையும் மாற்றாவிட்டாலும் கொஞ்சம் நன்றாகவே அமையும். மோசத்துக்கும் ஓர் அடி உண்டு. அந்த முன்னேற்றத்தைப் புதுத் தட்டு தன் பேரில் எழுதிக்கொள்கிறது. போதாததற்குப் புதியதை எறியும்போது கூடுதல் கவனம் வேறு. மூன்று வாரத்தில் கவனம் பழைய நிலைக்கு வரும், தட்டு மூலைக்குப் போகும், அடுத்தது வாங்கப்படும். குதூகலத்துக்கு மாதம் ஒரு தட்டு விலை என்றால் அதுவும் ஒரு கணக்குத்தான், எனக்குக் கட்டுபடியாகாது.

மார்ச் 15

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. இன்று சோதிப்பது இன்றைய தட்டை மட்டுமே. மரத்தில் மோதி, கல்லில் உரசித் தேயத் தேய அதன் குணம் மாறும். பொதுவாகத் தேய்ந்த தட்டு முன்னைவிட வலப்பக்கம் சாயும். மலிவான பிளாஸ்டிக்கில் இது விரைவாகவும், விலை கூடிய கெட்டிப் பிளாஸ்டிக்கில் மெதுவாகவும் நடக்கும். எட்டு மாதம் தேய்ந்த ராக்கையும் இன்று உறை பிரித்த பஸ்ஸ்ஸையும் எதிரெதிரே நிறுத்துவது ஒரு வகையில் அநியாயம். ஆனால் ஆட்டத்தில் கை எடுக்கப்போவது அந்தத் தேய்ந்த ராக்கைத்தான், எங்கோ கடையில் தொங்கும் புது ராக்கை இல்லை. எனவே ஒப்பீடு பொருத்தமானதே, சில மாதங்களுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு.

புதுத் தட்டின் விளிம்பில் வார்ப்பு அச்சு விட்ட பிசிறு இருந்தால் லேசாகத் தேய்த்து எடுக்க விதி இடம் தருகிறது. பறப்பை மாற்றும் அளவுக்குத் தேய்த்தால் தட்டு செல்லாது. போட்டிக்குப் போகிறவர் தன் தட்டில் அடையாளம் இட்டிருக்க வேண்டும் என்பதும் விதிதான். எப்படியும் மை தொட வேண்டியிருப்பதால் பஸ்ஸ்ஸின் அடிப்பக்கத்தில் பெயரோடு எடையும் தேதியும் சேர்த்து எழுதலாம். ராக்கைக் கவிழ்த்தால் அங்கே பெயர் பாதி அழிந்திருக்கிறது. எடை இல்லை, தேதியும் இல்லை. எட்டு மாதம் என்று மேலே எழுதியது உத்தேசம்தான்.