பொட்டலத்தில் எழுதாத மருந்து

நாட்டுப் பொடி சாப்பிட்ட இரண்டொரு நாளிலேயே மூட்டுவலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். தெரிந்தவர் மூலம் வந்த பொடி அது. காலையில் ஒரு பொட்டலம், இரவில் ஒரு பொட்டலம், தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். தாளில் பெயர் இல்லை, உரிம எண் இல்லை, சேர்மானம் என்னவென்ற குறிப்பும் இல்லை. அம்மா மாடிப்படி ஏறினார். நன்றாகப் பசித்தது. முகம் பூரித்தது. உடம்பு தேறிவிட்டதென்று வீடே மகிழ்ந்தது.

பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு முகத்திலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும், கைகால் தசையைக் கரைக்கும், தோலை மெலிதாக்கும், சர்க்கரையை ஏற்றும். அம்மாவுக்கு லேசாக இடித்துக்கொண்டாலே கன்றிப்போனது. சர்க்கரையும் வந்தது. வயசாகிவிட்டது, பரம்பரை நோய் என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம்.

பொடி தீர்ந்துபோய், கொடுப்பவரும் ஊரில் இல்லாத சமயம், அம்மாவுக்கு ஓயாத வாந்தி. ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அவசரப் பிரிவில் கேட்டார்கள்: “என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?”

“ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க டாக்டர்.”

அம்மா பொய் சொல்லவில்லை. என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது இதுதான். உயிர் ஊசலாடும் நேரத்தில் நோயாளி சொல்லியாக வேண்டிய பதிலையே, பொடியில் மருந்து கலந்தவர் பறித்துவிடுகிறார்.

அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் டாக்டர் சந்தேகப்பட்டார். அட்ரீனல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள். ஸ்டீராய்டு மிகுந்தவரின் தோற்றம். ஆனால் கார்டிசால் அடிமட்டத்தில். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும். வரத்து சட்டென்று நின்றால் உடம்பால் தாங்க முடியாது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முக்கால் மில்லிகிராம், 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம். உடம்பின் ஒரு நாள் தேவையே ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் அது இருப்பதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்?

சேர்மானம் அச்சிட்ட டப்பா என்றாலும் நம்பிவிட முடியாது. ‘ஆர்ட்ரி கிங்’ என்ற மூட்டுவலி மாத்திரையில் லேபிளில் சொல்லாத டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணியும் இருப்பதாக 2022இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2007 முதல் 2016 வரை எஃப்.டி.ஏ. கண்டுபிடித்த இத்தகைய கலப்படச் சத்துப்பொருள்கள் 776. அவற்றில் பெரும்பாலானவை ஆண்மைக்கும் எடைக் குறைப்புக்கும் விற்றவை. எடை குறைக்க விற்றவற்றில் அதிகம் சிக்கியது சிபுட்ரமின். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் இந்தியா 2011இல் தடைசெய்த மருந்து. ஆண்மைக்கு விற்றவற்றில் சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர், மூலிகைதானே என்று நம்பி அதையும் விழுங்கினால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடலாம். அவரும் டாக்டரிடம் “வேறொன்றும் இல்லை” என்றுதான் சொல்வார்.

அம்மாவுக்குச் சிகிச்சையும் ஸ்டீராய்டுதான். அளவு குறித்து, கண்காணித்து, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மூட்டுவலி திரும்பி வந்தது. தொடைத் தசைக்கான பயிற்சியும், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையுமாகச் சமாளிக்கிறார்.

அதே பொடியைச் சாப்பிட்ட சொந்தக்காரர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் குப்பையில் போடப் போனார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: திடீரென்று நிறுத்தாதீர்கள், இன்றைக்கே பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.