பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில்

1976 நவம்பரில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஒரு கல்லூரி மாணவர் ஓட்டிவந்த கார் ஒரு சரக்கு வண்டியின் பின்புறம் மோதியது. கார் நொறுங்கியது. அவருக்கு வலது முழங்காலில் மட்டும் வலி. டிசம்பரில் அந்த வலி திரும்ப வந்தபோது, கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று அவர் பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் வலி பொறுக்கமுடியாத அளவுக்கு ஏறியது. மருத்துவமனையில் சொல்லப்பட்ட பெயர் ஆஸ்டியோசார்கோமா. சில நாள்களுக்குள் முழங்காலுக்கு மேலே அவரது வலது கால் அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 18. பெயர் டெர்ரி ஃபாக்ஸ்.

அந்த விபத்துதான் தன் முழங்காலைப் பலவீனமாக்கி நோய்க்கு இடம் கொடுத்தது என்று டெர்ரி நம்பினார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள் மருத்துவர்கள். இந்த உரையாடல் இந்தியாவின் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் அன்றாடம் நிகழ்வதுதான். "மைதானத்தில் விழுந்தான், அதன் பிறகுதான் வீங்கியது" என்று தாய் சொல்வார். விழாமல் பார்த்துக்கொண்டிருக்கலாமே என்ற குற்றவுணர்வு அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும். அடிபடுவதால் இந்தப் புற்று உண்டாவதில்லை. ஏற்கெனவே உள்ளே வளர்ந்துகொண்டிருப்பதன்மீது கவனத்தைத் திருப்புவதற்கு மேல் அடி எதையும் செய்வதில்லை. சில வேளைகளில், புற்றினால் நலிந்த எலும்பு சிறு தடுமாற்றத்திலேயே முறிந்துவிடுகிறது. அப்போது விளைவே காரணமாகத் தோன்றிவிடுகிறது.

ஆஸ்டியோசார்கோமா என்பது எலும்பில் வரும் எல்லாப் புற்றுக்கும் பொதுப்பெயர் அன்று. அதற்குக் கறாரான ஒரு வரையறை உண்டு: புற்றுச் செல்கள் தாமே எலும்பை உருவாக்க வேண்டும். எலும்பு கெட்டியாவதற்கு முன்னுள்ள புரதக் கூழ்மத்திற்கு ஆஸ்டியாய்டு என்று பெயர். பிறழ்ந்த செல்கள் அந்த ஆஸ்டியாய்டைச் சுரப்பதை நுண்ணோக்கியில் கண்டால்தான் இந்தப் பெயரைச் சூட்ட முடியும். உடலைத் தாங்க வேண்டிய எலும்பைக் கட்டுவதே அந்தச் செல்களுக்கு இயல்பாக அமைந்த வேலை. அந்த வேலையை அவை மறக்கவில்லை. எங்கே கட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் மறந்துவிட்டன.

இது பெரும்பாலும் பத்து முதல் இருபது வயதுக்குள் வருகிறது. தொடை எலும்பின் கீழ்ப்பகுதி, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்பகுதி, மேற்கை எலும்பின் தோள்புறம் ஆகியவை அது விரும்பும் இடங்கள். வளரிளம் பருவத்தில் உயரம் கூடுவது நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளால்தான். அவற்றுள்ளும் மிக விரைந்து வளர்பவை முழங்காலைச் சுற்றி உள்ளவை. செல்கள் மிகுதியாகப் பிரியும் அந்த இடத்தை ஒட்டியே இந்தப் புற்றும் பெரும்பாலும் தோன்றுகிறது. அதனால்தான் அது வளர்ச்சி வலியாகவும் விளையாட்டுக் காயமாகவும் எளிதில் தவறாகக் கொள்ளப்படுகிறது. முதியவர்களிடம் இது அரிது. வரும்போது பேஜட் நோயால் சிதைந்த எலும்பிலோ, முன்பு கதிர்வீச்சுக்கு உள்ளான எலும்பிலோ வருவதுண்டு.

எக்ஸ்ரே படத்தில் இது விட்டுச்செல்லும் தடங்கள் உள்ளன. எலும்பை மூடியிருக்கும் உறை மேலே தூக்கப்பட்டு, ஓரத்தில் புதிய எலும்பு ஒரு முக்கோணமாகத் தெரியும். பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மனின் பெயரால் அதைக் காட்மன் முக்கோணம் என்பார்கள். எலும்பிலிருந்து வெளிநோக்கிச் சூரியக் கதிர்களைப்போல் கோடுகள் விரிவதும் உண்டு. ஆயினும் இவற்றில் எதுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. வேறு நோய்களும் இதே தடங்களைக் காட்டக்கூடும்.

ஈவிங் சார்கோமாவை எடுத்துக்கொள்ளலாம். 1921இல் ஜேம்ஸ் ஈவிங் விவரித்த இந்தப் புற்றும் சிறுவர்களையும் இளைஞர்களையுமே பிடிக்கிறது. இது இடுப்பெலும்பு, விலா போன்ற தட்டை எலும்புகளிலும், நீண்ட எலும்பின் நடுத்தண்டிலும் வருவது மிகுதி. எக்ஸ்ரேயில் வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக எலும்புறை தெரியும். காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் எலும்புச் சீழ் என்று கருதி ஆன்டிபயாடிக் கொடுப்பது நடக்கிறது. நுண்ணோக்கியின் கீழ் இதில் எலும்பு உருவாவதே இல்லை. சிறிய, உருண்டையான, நீலநிறச் செல்கள் நெருங்கி நிற்கும். பெரும்பாலான நோயாளிகளில் 11, 22 ஆகிய இரு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். ஈவிங் சார்கோமா கதிர்வீச்சுக்குக் கரையும். ஆஸ்டியோசார்கோமா எளிதில் கரையாது. பெயரைத் தவறாகச் சொன்னால் சிகிச்சையும் தவறிவிடுகிறது.

காண்ட்ரோசார்கோமா இன்னொரு குடும்பம். அதன் செல்கள் எலும்பை உருவாக்குவதில்லை, குருத்தெலும்பை உருவாக்குகின்றன. பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர்களின் இடுப்பிலும் தொடையிலும் தோளிலும் மெல்ல வளர்கிறது. வழக்கமான கீமோதெரபி அதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. முழுமையாக வெட்டி எடுப்பதே வழி. ராட்சத செல் கட்டி பெயரில் அச்சுறுத்தினாலும் பெரும்பாலும் புற்று அன்று. வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், மூட்டை ஒட்டிய எலும்பு முனையை அரிக்கும். வெட்டிய இடத்திலேயே மீண்டும் வருவது அதன் குணம். ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா அதைவிடச் சிறியது. இரவில் கடுமையாக வலிக்கும். ஆஸ்பிரின் போட்டால் வியக்கத்தக்க வகையில் அடங்கும். ஆஸ்டியோகாண்ட்ரோமா எலும்பிலிருந்து காளான்போல் புடைத்து நிற்கும். உடல் வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். நடுவயதைக் கடந்தவரின் எலும்பில் புற்று தெரிந்தால், அது எலும்பில் பிறந்ததாக இருப்பதைவிட மார்பகம், நுரையீரல், புராஸ்டேட் போன்ற இடங்களிலிருந்து வந்து குடியேறியதாகவோ, மைலோமாவாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

எனவே நோயாளியின் வயது, எந்த எலும்பு, எலும்பின் எந்தப் பகுதி, படம், திசு ஆகிய ஐந்தும் ஒருசேரப் பார்க்கப்பட வேண்டும். ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு முறிவிலும் செல்கள் விரைந்து பெருகி ஆஸ்டியாய்டைச் சுரக்கும். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் கண்ணாடித் தகட்டை மட்டும் பார்க்கும் நோயியல் வல்லுநர் அங்கே ஏமாறக்கூடும். திசு எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஊசி சென்ற பாதையில் புற்றுச் செல்கள் சிந்தியிருக்கலாம் என்பதால், பிந்தைய அறுவையில் அந்தப் பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டும். தவறான பக்கத்திலிருந்து குத்திய ஊசி, காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்கச் செய்துவிடலாம். அறுவை செய்யப்போகும் குழுவே திசுவையும் எடுக்க வேண்டும் என்று வல்லுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

டெர்ரியிடம் மருத்துவர்கள் இரண்டு எண்களைச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்திருந்தால் பிழைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 15. இப்போது நூற்றுக்கு 50. நோய் மாறவில்லை. கத்தியும் மாறவில்லை. அறுவைக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குச் சென்றுவிட்ட செல்களைத் துரத்தும் மருந்துகள் வந்திருந்தன. கால் வெட்டப்பட்ட பிறகும் பெரும்பாலோர் ஏன் மாண்டார்கள் என்ற கேள்விக்கு அந்தச் செல்களே விடை.

ஆஸ்டியோசார்கோமாவுக்கு இன்று உலகெங்கும் பரவலாகத் தரப்படும் மூன்று மருந்துகளின் பிறப்பைப் பார்த்தால் ஆராய்ச்சியின் இயல்பு விளங்கும். மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம் பற்றிய ஆய்விலிருந்து வந்தது. 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அந்த ஆய்வை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, கடல் கடந்தவர். அவரது குழுவின் ஃபோலிக் அமில எதிரிகளுள் ஒன்றைக் கொண்டு, ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிக மீட்சி கிடைத்ததை சிட்னி ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். எலும்புப் புற்றில் தம் ஆய்வு என்ன செய்யும் என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பே இல்லை. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டனில் நார்மன் ஜாஃபேயும் சக மருத்துவர்களும் அதே மெத்தோட்ரெக்சேட்டைக் கொல்லும் அளவுக்கு உயர்த்திக் கொடுத்து, பின்னர் ஃபோலினிக் அமிலம் கொடுத்து நோயாளியை மீட்கும் முறையை ஆஸ்டியோசார்கோமாவில் கையாண்டார்கள்.

டாக்சோரூபிசினின் மூலம் இத்தாலிய மண். ஒரு பழைய கோட்டையின் அருகே அள்ளிய மண்ணில் கிடைத்த சிவப்பு நிறமி சுரக்கும் பாக்டீரியாவிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. சிஸ்பிளாட்டினின் கதை அதைவிட விந்தையானது. மிச்சிகனில் பார்னட் ரோசன்பர்க், மின்புலம் பாக்டீரியாவின் செல் பிரிதலை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரியாமல் நூலாக நீண்டது. காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று தெரியவந்து 1965இல் வெளியானது. ஒருவர் வைட்டமினைத் தேடினார். ஒருவர் மின்புலத்தை ஆராய்ந்தார். சிலர் மண்ணைக் கிளறினார்கள். மூவகை உழைப்பும் இன்று ஒரே சிறுவனின் நரம்பில் ஒன்றாக இறங்குகின்றன.

சில வாரங்கள் மருந்து, அதன்பின் அறுவை, அதன்பின் மீண்டும் மருந்து என்பதே இன்றைய முறை. வெட்டி எடுத்த எலும்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு புற்றுச் செல்கள் மடிந்திருந்தால் நல்ல அறிகுறி. பெரும்பாலோருக்குக் காலை அகற்றாமல், புற்றுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோக எலும்பைப் பொருத்த முடிகிறது. நோய் பரவாத நிலையில் கண்டறியப்படுவோரில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள்.

இங்கேதான் ஆய்வு மாணவர்கள் சற்று நிற்க வேண்டும். அந்த 60, 70 என்ற எண் 1980களிலேயே எட்டப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய அசையவில்லை. 2,200க்கு மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்த யூராமாஸ்-1 என்ற பன்னாட்டுச் சோதனை, முதற்கட்ட மருந்துக்கு அடங்காதவர்களுக்கு மேலும் இரு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தது. நச்சு கூடியது, பயன் கூடவில்லை என்று 2016இல் முடிவு வெளியானது. கண்டறியும்போதே நுரையீரலுக்குப் பரவியிருந்தால் நிலைமை இன்றும் கடினமே. காரணத்தின் ஒரு பகுதி நோயின் மரபணுவிலேயே இருக்கிறது. ஈவிங் சார்கோமாவில் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. ஆஸ்டியோசார்கோமாவில் குரோமோசோம்கள் உடைந்து, கலைந்து, தாறுமாறாக ஒட்டிக்கிடக்கின்றன; ஒரு நோயாளியின் குழப்பம் அடுத்தவருடையதைப்போல் இருப்பதில்லை. எதைக் குறிவைத்து மருந்து செய்வது என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

சிகிச்சை நடந்த 16 மாதங்களில் டெர்ரி தன்னைச் சுற்றிப் படுத்திருந்தவர்களைப் பார்த்தார். 15க்கும் 50க்கும் இடையிலுள்ள தூரத்தை யாரோ முகம் தெரியாதவர்கள் உழைத்துக் கடந்திருக்கிறார்கள், தன் உயிர் அவர்களிடம் கடன்பட்டிருக்கிறது என்பதை உணர்ந்தார். 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையில் செயற்கைக் கால் ஒன்றைக் கடலில் நனைத்துவிட்டு, ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாள்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே இருமலும் மார்வலியும் அவரை நிறுத்தின. புற்று நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28 அன்று, 23 வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவர் இறந்தார். நூற்றுக்கு 50இல் அவர் மறுபாதியில் இருந்தார். அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் ஓடுகிறார்கள், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் ஓடியிருக்கிறார்கள்.

மருந்துகள் தேங்கி நிற்கும் இந்தக் காலத்தில், கைவசம் உள்ளதில் பெரியது நேரம்தான். நம் ஊர்களில் பிள்ளையின் முழங்கால் வீக்கத்திற்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதிலும், பச்சிலை வைத்துக் கட்டுப் போடுவதிலும் வாரங்கள் கழிகின்றன. ஓய்விலும் இரவிலும் விடாத வலி, ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள வலி, நாளுக்கு நாள் பெருக்கும் வீக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உருவிவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே முறை. எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தால், அந்த ஊரிலேயே அவசரமாகக் குத்திப் பார்க்காமல், எலும்புப் புற்றில் பழகிய மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. பெரும்பாலான முழங்கால் வலி வெறும் முழங்கால் வலிதான். அது அப்படித்தான் என்று உறுதிசெய்துகொள்ளப் பெரும்பாலும் ஒரு படம் போதும்.