ஒலிநாடாவில் ஒரு நிமிடம்

நம் பாட்டியார் இரங்கூனிலிருந்து நடந்து வந்தவர். 1941 திசம்பர் 23-ஆம் நாள் சப்பானியர் அந்நகரின்மீது குண்டு வீசியபோது அவருக்கு வயது 12. கப்பலில் இடம் கிட்டாத பல்லாயிரவரைப் போல அவர் குடும்பமும் காட்டுவழியே கிளம்பிற்று. அண்ணன் மட்டும் ஊர் வந்து சேரவில்லை. அன்பர்கள் பலர் இல்லத்திலும் இத்தகைய பாட்டியார் இருந்திருக்கக்கூடும்.

கசார்வாடியில், தண்டவாளத்தை ஒட்டிய நம் வீட்டில், 'பராசக்தி'யைத் தொலைக்காட்சியில் கண்ட நாள்முதல் பாட்டியாரின் கதை மாறிற்று. 1952-இல் வெளிவந்த அப்படத்தில், இரங்கூனிலிருந்து திரும்பும் வழியில் ஞானசேகரன் குண்டுவீச்சில் ஒரு காலை இழக்கிறான். "அண்ணனுக்கும் அப்படித்தான்" என்றார் பாட்டியார். பின்னர் காரைக்குடியில் அவர்தம் தமக்கையாரைக் கேட்டோம். குண்டு ஏதும் விழவில்லையாம். காய்ச்சலில் நடக்கமாட்டாதவனை மரத்தடியில் கிடத்தி, மிஞ்சிய அவலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கூட்டத்தோடு நடந்தார்களாம்.

அசலோடு ஒப்பிட்டு நகலில் முத்திரை இடுவது நம் அலுவல். ஆயினும் பாட்டியாரைத் திருத்த நா எழவில்லை. படத்தின்மேலும் குற்றமில்லை, அது கதையென்றே வந்தது. ஊன்றி நடக்க அவருக்கு ஒரு கோல் வேண்டியிருந்தது, அவ்வளவே.

2025-இல் துனீசிய இயக்குநர் கௌதர் பென் ஹனியா ஆக்கிய 'இந்து ரஜபின் குரல்' என்னும் படத்தைப் பற்றிப் படித்தபோது இஃதெல்லாம் நினைவில் எழுந்தது. 2024 சனவரியில் காசாவில், மாண்ட உறவினரிடையே காருக்குள் சிக்கிய சிறுமி, செம்பிறைச் சங்கத்தாரிடம் தொலைபேசியில் உதவி கேட்டாள். மீட்கச் சென்ற இருவரும் மாண்டனர், அவளும் பிழைக்கவில்லை. படத்தில் சங்கத்தாராக வருவோர் நடிகர். குழந்தையின் குரல் மட்டும் பதிவான அவள் குரலே. வெனிஸ் விழாவில் பரிசு பெற்ற இப்படத்தைக் குறைகூறுவோரும் உளர். இறந்த குழந்தையின் குரலை நாடகத்தில் ஏற்றலாமா என்பது அவர் வினா. எளிதில் தள்ளத்தக்க வினாவன்று. தாயின் இசைவு பெற்றே எடுத்தனர் என்பதும், எது நடிப்பு, எது அசல் என்பதை மறைக்கவில்லை என்பதும் நமக்குப் போதுமானவையாகத் தோன்றுகின்றன. வேறொரு குழந்தையை அழவைத்துப் பதிந்திருந்தால் நாம் இசையோம்.

நம்மிடம் ஓர் ஒலிநாடா உண்டு. 'பராசக்தி'யைக் காண்பதற்கு முன், 1990 வாக்கில், தந்தையார் பாட்டியாரைப் பேசவைத்துப் பதிந்தது. "அண்ணன்…" என்று தொடங்கியவர் நிறுத்திவிடுகிறார். ஒரு நிமிடம் பேச்சில்லை; லோணாவளா வண்டி கடந்துபோகும் ஓசை மட்டும் கேட்கிறது. நாளை எவரேனும் இதைப் படமாக்க முன்வரின், அண்ணனாக யாரையேனும் நடிக்க வைக்கட்டும். காட்டையும் அரங்கிலேயே அமைக்கட்டும். அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் இசை சேர்க்க வேண்டா எனக் கேட்டுக்கொள்வோம்.