படத்துக்கு இட்ட படையல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று தலைமுறைகளாக வள்ளலார் படம் ஒன்று இருக்கிறது. வெள்ளாடை முக்காடு, தாழ்ந்த பார்வை. அவரை நிழற்படம் எடுக்க எட்டு முறை முயன்றும் ஆடை மட்டுமே பதிந்தது, திருமேனி பதியவில்லை என்பது சன்மார்க்க அன்பர்களிடையே வழங்கிவரும் செய்தி. அப்படியானால் எங்கள் சுவரில் இருப்பது எவர் முகம்? நாங்கள் கேட்டதில்லை. சந்தனப் பொட்டிட்டு வணங்கினோம்.

பாட்டி இருந்தவரை அந்தப் படத்துக்கு ஓர் அகல்விளக்கு மட்டுந்தான். உலையில் அரிசி இடும்போது ஒரு பிடி கூடுதலாகப் போடுவாள்; அது வாசலுக்கு வருகிறவர்களுக்கு. வடலூர்த் தருமச்சாலையில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அதன் பொறி ஒன்று நம் அடுப்பிலும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்பாள். அவள் போனபின் நாங்கள் பக்தியைப் பெருக்கினோம். வெள்ளிச் சட்டம், நாள் முழுதும் பாராயணம், பன்னிரண்டு வகைப் படையல். படையலுக்குமுன் வீட்டிலிருந்து ஒரு பருக்கையும் வெளியே போகக் கூடாது என்று ஒரு விதி வேறு. வகுத்தவர்கள் நாங்கள்தாம், சில ஆண்டுகளில் அது வள்ளலார் வாக்குப் போலவே ஆகிவிட்டது.

ஒரு தைப்பூசத்தன்று நண்பகல் முதியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "பூசை முடியட்டும் ஐயா, திண்ணையில் உட்காருங்கள்" என்றோம். பாராயணம் நீண்டது. கற்பூரத் தட்டோடு வெளியே வந்தபோது திண்ணை காலியாக இருந்தது. தெருக்கோடிவரை ஓடிப் பார்த்தோம். அன்று படைத்த சோறு எவர் தொண்டையிலும் இறங்கவில்லை.

பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் மண்ணில் வடித்துக் கொடுத்த தம் உருவத்தை வள்ளலார் கீழே போட்டு உடைத்தார் என்று சொல்வார்கள். தம் பாடல்கள் அச்சேறிய காலத்தில், இராமலிங்கசாமி என்று தம்மை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, வேண்டாம் என்று கடிதம் எழுதியவர் அவர். 1872-இல் ஞானசபையில் ஏழு திரைகளுக்கு அப்பால் அவர் வைத்தது ஒரு சோதியை மட்டுமே. அந்தச் சபையிலேயே பிற்காலத்தில் சிவலிங்கம் வைத்துப் பூசை நடந்தது. அது அவர் வகுத்த முறைக்கு மாறானது என்று 2006-இல் அறநிலையத் துறை ஆணையிட வேண்டியிருந்தது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செய்தியைப் படித்தபோது அந்தப் பூசகரைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் எழவில்லை. லிங்கத்தை வைத்தவரும் பக்தியோடுதானே வைத்திருப்பார்? நாங்கள் வெள்ளிச் சட்டம் போட்டதும் அப்படித்தான்.

படத்தை இன்னும் இறக்கவில்லை. அதற்குத் துணிவு வரவில்லை. வாசலில் எவரேனும் உண்டு எழுந்த பிறகே விளக்கேற்றுகிறோம். சில நாட்கள் எவரும் வருவதில்லை. அன்று இலையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம்வரை நடக்கிறோம். அம்மாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பொழுது சாய்ந்தபின் திரும்பி வந்து விளக்கேற்றும்போது முணுமுணுத்துக்கொண்டே எண்ணெய் ஊற்றுகிறாள்.