எங்க கொறங்காட்டுக் காளான் கணக்கு

பதிவு எழுதி ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிருச்சு. ஐப்பசியும் கார்த்திகையும் காட்டுலயே போயிருச்சு. அப்படி என்ன வேலைன்னு கேட்டா சிரிப்பீங்க. காளான் எண்ணுற வேலை.

எங்க ஊர் டீக்கடையில எனக்கு 'காளான் வாத்தியார்'னு பேரே வெச்சுட்டாங்க. "பறிச்சு எங்க விக்கறீங்க?"ன்னு கேப்பாங்க. "விக்கறதில்லைங்க, எண்ணி எழுதிட்டு அங்கயே விட்டுட்டு வந்துருவேன்"னு சொன்னா, மழையில நனைஞ்சு இவனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பார்ப்பாங்க. இந்த வருசத்தோட நாலு மழைக்காலம் முடிஞ்சிருச்சு. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன். இதுல என் தப்பும் ரெண்டு இருக்கு, அதையும் சேர்த்தே எழுதிர்றேன்.

வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு முதல்ல ஒரு விளக்கம். எங்க பக்கம் காடுன்னா வனம் இல்லைங்க, மானாவாரி நிலம். கொறங்காடுன்னா மேய்ச்சலுக்குன்னே விட்ட காடு. காங்கயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம் சுத்துவட்டாரத்துல பார்க்கலாம். நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல், அங்கங்க நெழலுக்கு வெள்வேல மரம், உள்ள போக ஒரு படல். காங்கயம் மாடு வளர்ந்ததெல்லாம் இந்தப் புல்லுலதான். எங்களுது ஆறு ஏக்கர். நடுவுல ஒரு வேலி ஓடும். தெக்கால மூணு ஏக்கர் தெக்காடு, வடக்கால மூணு ஏக்கர் வடக்காடு.

சின்ன வயசுல இடி இடிச்ச மறுநாள் விடியறதுக்குள்ள ஓடுவோம். இடி இடிச்சாத்தான் காளான் மொளைக்கும்னு ஆத்தா சொல்லும். புத்தைச் சுத்தி வெள்ளையா எந்திரிச்சு நிக்கும். பறிக்கறப்போ தண்டு பூமிக்குள்ள போய்க்கிட்டே இருக்கும். ஒரு முழம் தோண்டினாலும் முடியாது. அது ஏன்னு நாப்பது வருசம் எனக்குத் தெரியாது. வடக்காட்டுல ரெண்டு பெரிய புத்து இருந்துச்சு. ஒரு நல்ல மழைக்கு ரெண்டு கூடை வரும்.

அந்த ரெண்டு புத்தையும் 2019 கோடையில ஜேசிபி வெச்சு எடுத்தது நான்தான்.

பாம்பு இருக்குதுன்னு மச்சான் சொன்னாரு. சோளத்தட்டு விலை ஏறிக்கிட்டு இருந்துச்சு, மூணு ஏக்கர் சும்மா கெடக்குதேன்னு எனக்கும் தோணுச்சு. ஜேசிபி டிரைவர் தம்பி முதல்ல கை வைக்க மாட்டேன்னுட்டாரு. அம்மா மஞ்சத்தண்ணி தெளிச்சு, சூடம் பத்த வெச்சு, புத்துக்கண்ணுல பால் ஊத்துன பொறவுதான் வண்டியை எடுத்தாரு. அடி வரைக்கும் தோண்டி, மறுபடி வரக்கூடாதுன்னு கரையான் மருந்தும் ஊத்துனேன். உழவு ஓட்டி, டிஏபி போட்டு, சோளம் விதைச்சேன். ரெண்டு வருசம் தட்டு வந்துச்சு. மூணாவது வருசம் மழை ஏமாத்திருச்சு. கணக்குப் பார்த்தா ஜேசிபி வாடகை, மருந்து, உரம் போக கையில நின்னது பெருசா ஒண்ணுமில்லை. மறுபடியும் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவி விட்டுட்டேன்.

2022 ஐப்பசியில ஒரு பொண்ணு எங்க தோட்டத்துக்கு வந்துச்சு. கோயம்புத்தூர்ல தாவரவியல் படிக்குது. புல்வெளியில வர்ற காளான்களைப் பதிவு பண்ண விவசாயிங்க யாராவது வருவாங்களான்னு ஊர் ஊரா கேட்டுக்கிட்டு இருந்துச்சு. காசு கிடையாது, வாரம் ஒரு காலை நடக்கணும், அவ்வளவுதான்.

"எதுக்கு கண்ணு இது?"ன்னு கேட்டேன்.

"புலியை எண்றாங்க, கொக்கை எண்றாங்கண்ணா. காளானை யாருமே எண்றதில்ல. எங்க என்ன இருக்குன்னே தெரியாம, எது அழியுதுன்னு எப்படிண்ணா சொல்றது?"

அது சொன்னதுல நியாயம் இருந்துச்சு. உலகத்துல இதுவரைக்கும் பேர் வெச்ச பூஞ்சைகளே ஒன்றரை லட்சம் சொச்சம்தான். மொத்தம் 25 லட்சம் வகை இருக்கலாம்னு லண்டன் கியூ தோட்டத்துக்காரங்க 2023ல மதிப்பிட்டிருக்காங்க. அழிவு ஆபத்தைக் கணக்கெடுக்கிற ஐயூசிஎன் சிவப்புப் பட்டியல்ல செடி, கொடி, மிருகம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கு. அதுல பூஞ்சை ஆயிரத்தைத் தாண்டுனதே 2025 மார்ச்சுலதான்.

இங்கிலாந்துல பழைய ஆட்டு மேய்ச்சல் நிலத்துல மெழுகு பூசுன மாதிரி சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு காளான் வருமாம். ஒருக்கா உரம் போட்டு உழுதுட்டா திரும்பி வர பல பத்து வருசம் ஆகுமாம். அங்க சாதாரண சனங்களே போனைத் தூக்கிக்கிட்டுப் போயி எத்தனை நெறம் இருக்குன்னு எண்ணி அனுப்பறாங்கன்னு அந்தப் பொண்ணு படம் காட்டுச்சு. உரம், உழவுன்னு அது சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா ஒண்ணும் பேசலை.

வேலை சிம்பிள்தான். படல்ல ஆரம்பிச்சு எப்பவும் ஒரே தடத்துல நடக்கணும். காளானைப் பார்த்தா மேல, பக்கவாட்டுல, அடியில இருக்கிற மடிப்பு, தண்டோட கால், எல்லாத்தையும் படம் எடுக்கணும். அளவு தெரிய பக்கத்துல ஒரு ரூபாய் காசு வைக்கணும். புல்லுலயா, சாணத்துலயா, புத்துலயா, பக்கத்துல என்ன மரம், என்ன வாசம், எல்லாம் நோட்டுல எழுதணும். பொறவு ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற செயலியில ஏத்துனா, வெவரம் தெரிஞ்சவங்க எங்கெங்கயோ இருந்து பேர் சொல்லுவாங்க.

நாப்பது வருசம் மிதிச்ச காட்டை அப்பத்தான் குனிஞ்சு பார்த்தேன். விடியக்காலையில சாணத்து மேல சாம்பல் நெறத்துல குடை விரிச்சது, வெயில் ஏறுறதுக்குள்ள மை மாதிரி உருகி விழுந்துரும். காஞ்ச சாணத்துல குட்டிக் குருவிக்கூடு மாதிரி ஒண்ணு, உள்ள கருப்பா முட்டை முட்டையா இருக்கும். மழைத்துளி விழுந்தா அந்த முட்டை தெறிச்சுப் போயி புல்லுல ஒட்டிக்குமாம், மாடு தின்னு அடுத்த சாணத்துல வருமாம். மிதிச்சா புகை விடற உருண்டைக் காளான் ஒண்ணு. புத்து மேல மூடுன குடை மாதிரி நின்னு, ஒடைச்சா உள்ள கருப்புப் பொடி கொட்டற காளான் இன்னொண்ணு.

புத்துக்காளான் தண்டு ஏன் முடியறதில்லைன்னும் தெரிஞ்சுது. கரையானும் நம்மளை மாதிரி ஒரு விவசாயிங்க. காஞ்ச புல்லு, சருகு, குச்சியெல்லாம் தின்னு உள்ள கொண்டுபோயி, தேனடை மாதிரி ஒரு மெத்தை கட்டி, அதுல அந்தப் பூஞ்சையை வளர்க்குது. அதைத் தின்னுதான் கூட்டமே பொழைக்குது. அந்த மெத்தையில இருந்துதான் தண்டு மேல வருது. மனுசங்க எவ்வளவோ முயற்சி பண்ணியும் இந்தக் காளானைச் சிப்பிக்காளான் மாதிரி ஷெட்டுல வளர்க்க முடியலை. புத்து இருந்தாத்தான் அது. நான் மருந்து ஊத்துனது பாம்புப் பொந்துல இல்லைங்க, இன்னொரு விவசாயியோட காட்டுல.

முதல் வருசம் முடிஞ்சு நோட்டைக் காட்டுனேன். தெக்காட்டுல பதினெட்டு வகை. அந்தப் பொண்ணுக்கு ஒரே சந்தோசம். ஒவ்வொரு பக்கமாத் திருப்பிட்டு, "வடக்கு பக்கம் நடக்கலையாண்ணா?"ன்னு கேட்டுச்சு.

"அங்க ஒண்ணும் வராது கண்ணு."

"ஒண்ணும் வரலைன்னு எழுதுங்கண்ணா. பூஜ்ஜியமும் கணக்குதான். இருக்கிற எடத்துல மட்டும் நடந்தா எல்லாக் காடும் நல்லாயிருக்கிற மாதிரித்தான் தெரியும்."

நான் வடக்காட்டை விட்டது நேரம் இல்லாம இல்லை. அந்தப் பக்கம் நோட்டோட போயி நிக்க எனக்கு மனசு வரலை. அடுத்த வருசத்துல இருந்து ரெண்டு காட்டுலயும் நடந்தேன். 2023ல வடக்காட்டுப் பக்கத்துல வாரா வாரம் பூஜ்ஜியம், பூஜ்ஜியம்னு எழுதுனேன். 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 'உழவு, உரம், கரையான் மருந்து'ன்னு எழுதி, கொஞ்ச நேரம் யோசிச்சு, 'செஞ்சது நான்'னும் எழுதுனேன்.

ரெண்டாவது தப்பு அதே வருசம் நடந்துச்சு. எங்க பக்கத்துக் கொறங்காட்டைக் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்க்கிற ஒரு அம்மா இருக்காங்க. நாங்க எல்லாரும் அத்தைன்னுதான் கூப்பிடுவோம். எந்த மழைக்கு எந்தப் புத்துல வரும்னு அவங்களுக்கு அத்துப்படி. பறிச்சு சந்தையில வித்தா அந்த ரெண்டு வாரம் கையில காசு இருக்கும். என் மேல நம்பிக்கை வெச்சு அவங்களோட புத்தைக் காட்டுனாங்க. முப்பது நாப்பது காளான் ஒரே எடத்துல நின்ன அழகைப் பார்த்ததும், படத்தை ஊர்ப்பேரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன்.

மூணாம் நாள் பைக்ல யாரோ வந்து, கடப்பாரையில புத்தையே பேத்துட்டுப் போயிட்டாங்க.

அத்தை திட்டவே இல்லை. ஒரு வாரம் கழிச்சு வழியில பார்த்தப்போ, "எழுதி வெச்சா காப்பாத்தலாம்னு சொன்னியே சாமி"ன்னு மட்டும் சொல்லிட்டு ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

அன்னையில இருந்து எங்க வழக்கத்தை மாத்திக்கிட்டோம். செயலியில சரியான எடத்தை மறைச்சு வைக்க ஒரு வசதி இருக்கு. வெளிய பார்க்கிறவங்களுக்குப் பல கிலோமீட்டர் சுத்தளவுக்குள்ள எங்கயோன்னுதான் காட்டும். தின்னக்கூடிய காளான் எல்லாத்துக்கும் அதைப் போட்டுடறேன். சரியான எடம் நோட்டுல மட்டும் இருக்கும். அத்தை காட்டுற எடத்தை அத்தையைக் கேட்காம எழுதறதில்லை. ஒரு வருசம் அவங்க என்னோட வரலை. போன வருசம் அவங்களே படலுக்கிட்ட நின்னு, "வா, இன்னொண்ணு இருக்குது, போனை வீட்டுல வெச்சுட்டு வா"ன்னாங்க. வெச்சுட்டுத்தான் போனேன். அந்தப் புத்தைப் பத்தி எங்கயும் எழுதலை. இங்கயும் எழுத மாட்டேன்.

இன்னொண்ணும் சொல்லணும். போன வருசம் தெக்காட்டுல பெரிய பெரிய வெள்ளைக் குடையா வட்டம் கட்டி மொளைச்சிருந்துச்சு. தம்பி பையன் திருப்பூர்ல இருந்து வந்தவன், பை நெறையப் பறிச்சு அடுப்படிக்கே கொண்டுபோயிட்டான். நான் ஒண்ணை எடுத்து வெள்ளைத் தாள்ல கவுத்து, மேல டம்ளரை மூடி வெச்சேன். காலையில எடுத்துப் பார்த்தா தாள்ல பச்சைப் பொடி. குடல் புரட்டற அளவுக்கு வாந்தி, பேதி உண்டாக்கற காளான் அது. பார்வைக்கு அவ்வளவு லட்சணமா இருக்கும். அதனால தெரியாத எதையும் வாயில வைக்காதீங்க. நான் எழுதறதைப் படிச்சோ, செயலி சொல்ற பேரை நம்பியோ காளான் சாப்பிடாதீங்க.

இந்த வருசக் கணக்கு இதுதான். தெக்காட்டுல இதுவரைக்கும் மொத்தம் முப்பத்தி ஒண்ணு வகை. பாதிக்கு மேல இன்னும் பேர் தெரியலை. வடக்காட்டுல புல் நல்லாக் கூடியிருக்கு. மருந்தும் உரமும் போட்டு ஆறு வருசம் கிட்ட ஆச்சு. மாட்டையும் விட ஆரம்பிச்சிருக்கேன். கார்த்திகை ரெண்டாவது வாரம், காஞ்ச சாணத்துல அந்தக் குருவிக்கூட்டுக் காளான் ஏழு இருந்துச்சு. மண்டி போட்டு ரெண்டு தடவை எண்ணுனேன். பூஜ்ஜியத்துக்குக் கீழ ஏழுன்னு எழுதறப்போ கை கொஞ்சம் நடுங்குச்சு.

புத்துக்காளான் வரலை. அந்தக் கட்டத்துல இந்த வருசமும் பூஜ்ஜியம்தான். புத்து இருந்த எடத்துல இன்னும் மண்ணு சமமாத்தான் கெடக்கு. அது என் காலத்துல வருமான்னு தெரியாது. வராட்டியும் அந்தக் கட்டத்தை வாரா வாரம் எழுதிக்கிட்டுத்தான் இருப்பேன்.

உங்க ஊர்ல உழாம கெடக்கிற மேய்க்கால் ஏதாவது இருந்தா, அடுத்த மழைக்கு ஒரு நோட்டும் ஒரு ரூபாய் காசும் எடுத்துக்கிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க. ஒண்ணும் இல்லைன்னா, ஒண்ணும் இல்லைன்னே எழுதுங்க.

அடுத்த பதிவுல கிளுவை வேலி போத்து நடறதைப் பத்திப் பேசலாமுங்க.