டொரொன்டோ மடல்: மதினியின் வகுப்பறை

போன வாரம் மகளின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அதை நடத்துவது பிள்ளையேதான். நாலாம் வகுப்புக்காரி நோட்டுகளைப் பரப்பி வைத்து, எதில் தேறியிருக்கிறாள், எதில் தடுமாறுகிறாள், அடுத்து என்ன செய்யப்போகிறாள் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டும். கேள்வியைப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். ஆசிரியையிடம் திரும்பினால் அவர் பிள்ளையைக் கைகாட்டுவார். அவளுக்கு வார்த்தை வராவிட்டால் காத்திருக்க வேண்டும், எடுத்துக்கொடுக்கக் கூடாது. ரேங்க் பேச்சே கிடையாது.

எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெளியே வந்ததும் ஒரு தமிழ் அப்பா, "நம்மூர்ல இதெல்லாம் நடக்குமா?" என்றார். சுருக்கென்றது.

நடந்ததே! ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து, 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் எம்.பி.விஜயகுமார் தொடங்கியது செயல்வழிக் கற்றல். 2007-ல் தமிழகம் முழுக்க, 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. எந்தப் பணக்கார நாடு இத்தனை ஏழைப் பிள்ளைகளோடு இதைச் செய்தது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளியில் என் மதினி டீச்சர். செயல்வழிக் கற்றல் நடந்த அவர் வகுப்பை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெஞ்சு இல்லை, பாய். வருகையைப் பிள்ளைகளே குறித்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி சுவரிலிருந்த ஏணிப்படி அட்டவணையில் தன் இடத்தை விரலால் தேடி, அதிலிருந்த படத்துக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, அதற்கான குழுவில் போய் உட்கார்ந்தாள். எழுத, கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகையில் அவளுக்கென்று ஒரு பங்கு. எழுதி முடித்த தாள் கம்பிப் பந்தலில் தொங்கியது. ராஜபாளையம் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழ் எழுத்தில் அவர்கள் பின்தங்கினால் விட்ட படியிலிருந்தே ஏற முடிந்தது. வகுப்பு அவர்களை விட்டுவிட்டு ஓடவில்லை.

நான் படித்தது வேறு மாதிரி. பிளஸ் டூ தேர்ச்சியில் எங்கள் விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனால் கைடை வரிவரியாக ஒப்பித்த எங்களிடம், எது புரியவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.

செயல்வழிக் கற்றலுக்குப் பின் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துத்தான் பாடம். இதுவும் தொடக்கப் பள்ளியோடு நிற்கிறது. பத்தாம் வகுப்பு நெருங்கினால் பழையபடி மனப்பாடம். அது எனக்குப் பொறுக்கவில்லை.

மதினியிடம் போனில் கொட்டினேன். "அதெல்லாம் சரிதான் தம்பி. அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து ரெண்டு பேரு இருக்கோம். பக்கத்துல உக்காந்து பாக்க முதல்ல இன்னொரு டீச்சரப் போடச் சொல்லுங்க" என்றார்.