எதுக்குப்பா பயோடெக்னாலஜி?

நம் ஊரில் படிப்பு மூன்று வகைப்படும். ஒன்று, டாக்டருக்குப் படிப்பது. இரண்டு, இன்ஜினீயருக்குப் படிப்பது. மூன்றாவது வகைக்குப் பெயரே கிடையாது. 'பாவம், வேற எதுவும் கிடைக்கலை போலிருக்கு' என்று அனுதாபத்தோடு சொல்வார்கள். அடியேன் மூன்றாவது வகை. பி.எஸ்ஸி. பயோடெக்னாலஜி, கடைசி வருஷம்.

'அப்படின்னா என்ன மாப்ளே?' என்று கல்யாணப் பந்தியில் மாமா கேட்பார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் மரபணுவை விளக்க முடியுமா சார்? அதனால் ஒரு ரெடிமேட் பதில் வைத்திருக்கிறேன். 'வீட்டுல இட்லி மாவு பொங்குதில்ல மாமா, அது பாக்டீரியா பண்ற வேலை. அதுங்களை வேற வேலைக்கும் வாங்கறதுதான் எங்க படிப்பு.' மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, 'மாவு பொங்க ஒரு ராத்திரி போதுமே, உனக்கு எதுக்கு மூணு வருஷம்?' என்பார்.

பந்தியில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. என் தங்கை.

அவளுக்குப் பதினோரு வயசில் திடீரென்று உடம்பு இளைத்தது. ராத்திரி எழுந்து எழுந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் 'டைப் 1 சர்க்கரை' என்றார். உறவுக்கூட்டம் மொத்தமும் பழியைச் சாக்லேட் மேல் போட்டது. சாக்லேட் நிரபராதி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே, ஆள் அடையாளம் தெரியாமல், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அடித்துத் தீர்த்துவிடுகிறது. இன்சுலின் இல்லாமல் உயிர் தங்காது. மாத்திரையாக விழுங்கலாம் என்றால், அது புரதம். பருப்பை ஜீரணிப்பதுபோல வயிறு அதையும் ஜீரணித்துவிடும். ஆகவே ஊசி. நாளைக்கு நாலு.

ஃப்ரிட்ஜில் நேற்றைய குழம்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன பாட்டில் எங்கிருந்து வருகிறது என்று பிளஸ் ஒன் படிக்கும்போது தேடிப் படித்தேன். 1921-ல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கண்டுபிடித்தது. 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ஸன் என்ற பதினாலு வயசுப் பையனுக்கு முதல் ஊசி. மருந்து சுத்தமாக இல்லாததால் அது சரிப்படவில்லை. காலிப் என்பவர் அதைச் சுத்தம் செய்து கொடுக்க, பன்னிரண்டு நாள் கழித்துப் போட்டது வேலை செய்தது. பையன் இன்னும் 13 வருஷம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள்!

அதற்கப்புறம் அறுபது வருஷம் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் இன்சுலின். கால் கிலோ எடுக்க டன் கணக்கில் கணையம் வேண்டும். 1978-ல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கான மரபணுவைச் செயற்கையாகச் செய்து ஈ.கோலி பாக்டீரியாவுக்குள் நுழைத்தார்கள். நம் குடலில் சும்மா குடியிருக்கிற ஜந்து. அது சமர்த்தாக மனித இன்சுலின் செய்து கொடுத்தது. 1982-ல் கடைக்கு வந்துவிட்டது. அதைப் படித்த அன்றே முடிவு செய்துவிட்டேன், இதுதான் என் படிப்பு என்று.

இப்போது சிக்கல். போன மாதம் காம்பஸ் இன்டர்வியூவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வேலை கொடுத்தது. அதே வாரம் எம்.எஸ்ஸி.க்கும் இடம் கிடைத்தது. அப்பா கூட்டுறவு சொஸைட்டியில் கிளார்க். வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருஷம் பாக்கி. தங்கையின் ஊசி, சோதனைப் பட்டைச் செலவு தனி. என் சீனியர்களில் பாதிப் பேர் பயோடெக்னாலஜியை மூட்டை கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். (இதை ஆபீஸில் ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் சிலரும் அந்த ஜாதிதான் என்பது எனக்குத் தெரியும்.)

'வேலையில சேர்ந்தா அவ மருந்துச் செலவுக்காவது ஆகும்டா' என்றார் அப்பா. நியாயம்தான். நான் என் கட்சியை எடுத்துவிட்டேன். மத்திய அரசு 1986-லேயே இதற்கென்று தனித் துறை வைத்ததைச் சொன்னேன். ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் ஈஸ்ட்டை வைத்து ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி தயாரித்து விலையை இறக்கியதைச் சொன்னேன். அப்பா அசையவில்லை.

தங்கைதான் வாயைத் திறந்தாள். அவளுக்கு இப்போது பதினாறு. 'அண்ணா, ஃப்ரிட்ஜ் இல்லாம மாசக்கணக்கா கெடாம இருக்கற இன்சுலின் செய்ய முடியுமா?'

பிரிக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாலு மணி நேரம் கரண்ட் போனால் அம்மா அதை எடுத்து மண்பானைத் தண்ணீருக்கு மேல் தொங்கவிடுவாள். வெளியூர் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. அங்கே பானையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது அம்மாவின் பயம்.

'உலகத்துல பல பேர் அதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கறாங்க. நானும் ஒருத்தனா போறேன்' என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'எவ்வளவு நாள் ஆகும்?' என்றார்.

'பான்டிங் கண்டுபிடிச்சதுலேருந்து பாக்டீரியா இன்சுலின் கடைக்கு வர அறுபத்தோரு வருஷம் ஆச்சுப்பா.'

விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். 'ரெண்டு வருஷத்துக்குக் கட்டறேன். மீதி அம்பத்தொம்பது வருஷத்துக்கு ஸ்காலர்ஷிப் பார்த்துக்கோ.'